நனைந்த சாக்கும் நனையாத முதுகும்

குதிரைக்கும் மழைக்கோட்டு உண்டு என்று ஊரில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கிலாந்தில் யாரும் சிரிப்பதில்லை. அக்டோபர் பிறந்தால் போதும், வயல்வெளியில் மேய்கிற குதிரைகள் கழுத்திலிருந்து வால் வரை நீலமும் பச்சையுமாகப் போர்வை அணிந்து நிற்பதை நீங்கள் மோட்டார்வேயில் போகும்போதே பார்த்திருப்பீர்கள். அதற்கு ‘டர்ன்அவுட் ரக்’ என்று பெயர். லாயத்திலிருந்து வெளியே மேய விடும்போது போர்த்துகிற, மழை புகாத போர்வை.

நம் குடும்பங்களில் குதிரையேற்றம் பழகும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். போன தீபாவளி விழாவில் மட்டும் மூன்று குடும்பத்தார் என்னைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “மாமா, ரக் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள ஒழுகறதே, என்ன பண்றது?” கோயம்புத்தூரிலும் பிறகு இங்கே யார்க்ஷயரிலும் ஜவுளி மில்களில் ‘ஃபினிஷிங்’ பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதாவது, துணி நெய்து முடிந்த பிறகு அதற்குச் சுருங்காத குணம், கசங்காத குணம், நனையாத குணம் என்று ஒவ்வொன்றாக ஏற்றுகிற இடம். குதிரை ஏறத் தெரியாது, துணி தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

மழையைப் பற்றி மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் கல்பாத்தியில் பிறந்தவன். அங்கே வருஷத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதியில் மேற்கேயிருந்து நாள் கணக்கில் விடாமல் பெய்வது ஒன்று. துலா மாதத்தில் சாயங்காலமானால் இடியும் மின்னலுமாகக் கொட்டுவது இன்னொன்று. ஐப்பசிக் கடைசியில் தேர். விஸ்வநாத ஸ்வாமியைச் சேவித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து வானத்தையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஆகையால் எங்கள் கிராமத்தில் மழைக்கான சாமான்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வயலில் வேலை செய்பவர்கள் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் தொப்பிக்குடை, குடப்பனை ஓலையில் பின்னிய பெரிய ஓலைக்குடை, அப்பாவின் கறுப்புத் துணிக்குடை, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் எங்களுக்குச் சேம்பிலை. இவற்றில் சேம்பிலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதில் ஒரு பெரிய பாடமே இருக்கிறது.

ஒலவக்கோடு ஸ்டேஷனை இப்போது பாலக்காடு ஜங்ஷன் என்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அங்கே இறங்கினால் ஜட்கா பிடித்துத்தான் கிராமத்துக்கு வருவோம். ஒரு ஆடி மாதம், நல்ல மழை. ஜட்காக்காரர் ராவுத்தர், குதிரை முதுகில் போட்டிருந்த சாக்கை உருவி வண்டிக்குள் எறிந்துவிட்டார். குதிரை சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு நின்றது. அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. “ஏன் ராவுத்தரே, மழை பெய்யறச்சேதானே சாக்கு வேணும்? பாவம், வாயில்லா ஜீவன்” என்றார். ராவுத்தர் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. “சாமி, குதிரை நனஞ்சா அதுவே உலத்திக்கும். சாக்கு நனஞ்சா அதுக்கு உலத்திக்கத் தெரியாது. நனஞ்ச சாக்கு குதிரைக்கு எமன்.”

இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் முடிந்தது. குதிரைக்கு இயற்கை கொடுத்த போர்வை சாமானியமானதல்ல. குளிர் வந்ததும் ரோமம் அடர்ந்து நீளும். அடியில் மெத்தென்ற மயிர், மேலே முரட்டு மயிர், தோலிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை. மழைத்தண்ணீர் மேல் மயிரின் வழியாக ஓலைக்கூரையில் வழிவதுபோல வழிந்து கீழே போய்விடும். குளிரும்போது ரோமம் சிலிர்த்து நிமிர்கிறது. மயிருக்கு இடையே காற்று அடைபடுகிறது. அந்தக் காற்றுதான் கதகதப்பு. வைக்கோலும் உலர்புல்லும் பெருங்குடலில் புளிக்கும்போது பிறக்கிற சூடு வேறு. ஆரோக்கியமான, ரோமம் கத்தரிக்காத குதிரை ஒன்று, ஒதுங்க இடமும் தின்ன உலர்புல்லும் இருந்தால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் போர்வை இல்லாமல் நிற்கும்.

இதன் மேல் ஒரு ரக்கைப் போட்டால் என்ன ஆகிறது? ரோமம் அமுங்கிவிடுகிறது. நிமிர்ந்து காற்றைப் பிடிக்க வழியில்லை. குதிரையின் சொந்தப் போர்வையை நாம் பறித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக நம் போர்வையைக் கொடுக்கிறோம். நம் போர்வை ஒழுகினால், அதற்கு இரண்டுமே இல்லை. ஒழுகுகிற ரக், ரக்கே இல்லாததைவிட மோசம் என்பது இதனால்தான். ஈரத்துணி மணிக்கணக்கில் தோலோடு ஒட்டிக்கிடந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும்; தோல் ஊறும்; ‘டெர்மட்டோஃபிலஸ்’ என்ற பாக்டீரியா அந்தத் தோலில் குடியேறும். முதுகில் பொருக்குப் பொருக்காகக் கட்டி, மயிர் கொத்தாகப் பிய்ந்து வரும். இங்கே ‘ரெயின் ஸ்கால்ட்’ என்று சொல்வது இதைத்தான்.

என் பேத்தி பார்த்துக்கொள்கிற குதிரைக்கு வயது 24. பல் தேய்ந்து, தின்றது உடம்பில் ஒட்டாத வயசு. அதற்கு ரக் ஆடம்பரமல்ல. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கோடையில், ரக்குகளைச் சேகரித்துக் கொண்டுபோய் வெளுத்துத் தருகிற ஓரிடத்தில் அதன் ரக்கைக் கொடுத்திருந்தார்கள். பளிச்சென்று, வாசனையோடு திரும்பி வந்தது. நவம்பர் முதல் வாரம் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் பேத்தி ரக்கைக் கழற்றினால், முதுகெலும்பு நெடுகிலும் பொருக்கு. தொட்டால் குதிரை விலகி ஓடுகிறது. “தாத்தா, ரக் புதுசு மாதிரிதானே இருக்கு!” என்று போனில் அழுதாள். கால்நடை மருத்துவர் வந்து, பொருக்கை நனைத்து எடுத்து, மருந்து போட்டு, மூன்று வாரம் லாயத்துக்குள்ளேயே கட்டச் சொன்னார். மூட்டு வாதம் உள்ள கிழக் குதிரையை நடக்கவிடாமல் கட்டிப்போடுவது அதற்கு இன்னொரு தண்டனை. அந்த மூன்று வாரத்தில் அது இளைத்த இளைப்பு, அடுத்த வசந்தம் வரை தேறவில்லை.

நான் போய் அந்த ரக்கைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோன மாத்திரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. வீட்டுத் துணி துவைக்கிற சோப்புத்தூளின் வாசனை.

இங்கேதான் சேம்பிலை வருகிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பழமொழியாகவே சொல்கிறோமல்லவா, சேம்பிலையும் அதே ஜாதி. அந்த இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு மேடான அமைப்பும், அதன் மேல் மெழுகும் இருக்கின்றன. தண்ணீர்த் துளி மேட்டின் நுனிகளில் மட்டும் நின்று உருள்கிறது. ஜெர்மனியில் பான் நகரத்துத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997-இல் இதை விளக்கி எழுதிய பிறகு, ‘தாமரை விளைவு’ என்றே உலகம் சொல்கிறது. இப்போது ஒரு சேம்பிலையை எடுத்து, அதில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து உடைந்து, தண்ணீர் பரவி, இலை நனைந்துபோகும். சோப்பின் வேலையே தண்ணீரைத் துணியோடு ஒட்டவைப்பதுதான். ரக்கின் மேல்பரப்பில் இருக்கிற நனையாப் பூச்சும் ஒரு செயற்கைச் சேம்பிலை. அதை டிடர்ஜென்ட் போட்டு அலசினால், பூச்சு போகாவிட்டாலும் சோப்பின் மிச்சம் நூலில் தங்கி, வருகிற மழையை ‘வா, வா’ என்று உள்ளே கூப்பிடும். துணியை மென்மையாக்க ஊற்றுகிற ‘ஃபேப்ரிக் சாஃப்ட்னர்’ இதைவிட மோசம்.

ரக்கில் தண்ணீரைத் தடுப்பவை இரண்டு. மேலே சொன்ன பூச்சு, வெளிப்பக்கத்தில். அது துளியை உருட்டிவிடும், அவ்வளவே. உண்மையான அணை உள்பக்கத்தில் இருக்கிறது: துணியின் பின்புறம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம். மழைத்துளியை விடாது, ஆனால் வியர்வையின் ஆவியை வெளியே விடும். கடையில் ‘3000 மில்லிமீட்டர்’ என்று சீட்டில் போட்டிருந்தால், 3 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தத்தை இந்தப் படலம் தாங்கும் என்று அர்த்தம். ‘டினியர்’ என்று போட்டிருப்பது வேறு விஷயம். அதைக் காட்டி விலை ஏற்றுகிற கடைக்காரர்களிடம் ஏமாற வேண்டாம். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் டினியர். பட்டுச் சேலைக்கு வாங்குகிற கச்சாப் பட்டு நூல் 20 டினியர் வாக்கில் இருக்கும். ரக் 600, 1200, 1680 என்று போகும். டினியர் கூடினால் வேலிக் கம்பியில் மாட்டினாலும் எளிதில் கிழியாது. மழைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை.

இந்தப் படலத்தின் கொள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்துக்காரர். 1823-இல் சார்ல்ஸ் மக்கின்டாஷ், நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே தடவி ஒட்டினார். மழை புகவில்லை, ஆனால் வியர்வையும் வெளியேறவில்லை. குதிரைக்கு அது ஒத்துவராது. அதனால் நெடுங்காலம் இங்கே குதிரைக்குக் கான்வாஸ் ரக்தான். உள்ளே கம்பளி தைத்தது. ‘நியூசிலாந்து ரக்’ என்று பெயர். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அயர்லாந்தின் டண்டால்க் ஊரில் 1985-இல் தொடங்கிய ஹார்ஸ்வேர் கம்பெனியின் ‘ராம்போ’ போன்ற செயற்கை நூல் ரக்குகள் வந்த பிறகுதான் கான்வாஸ் ஒதுங்கியது.

கம்பளியை நம்மவர்கள் இளக்காரமாக நினைக்கக் கூடாது. என் அத்திம்பேர் மூணாறில் எஸ்டேட் ஆபீஸில் இருந்தார். ஜூன் மாதத்தில் அங்கே போனால், கொழுந்து எடுக்கும் பெண்கள் கறுப்புக் கம்பளியை மடித்துத் தலையிலிருந்து முதுகு வரை தொங்கவிட்டுக்கொண்டு, சாரல் நடுவே வரிசையாக நிற்பார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இதே மடிப்புக்குக் ‘கொங்காடை’ என்று பெயர். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் உடம்புக்குச் சூடு தரும். சணல் சாக்கினால் அது முடியாது. தோட்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு தருவதற்கு மாநில அரசுகள் விதி செய்யலாம் என்று இந்தியாவின் 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 17-ஆம் பிரிவில் எழுதியே வைத்தது. இலங்கை மலையகத்திலிருந்து வந்த நம் சங்க அன்பர்கள் வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டால், தோட்டத்தில் கம்பளி கொடுத்துவிட்டு அதன் விலையைக் கூலிக் கணக்கில் பிடித்த கதையும் சொல்வார்கள். ஒரு காலத்தில் மனிதருக்குப் பற்று எழுதிக் கொடுத்த கம்பளி, குதிரைக்குக் கான்வாஸ் அடியில் இலவசமாகத் தைக்கப்பட்டது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. போகட்டும்.

இனி, ரக் ‘ஒழுகுகிறது’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது, உண்மையிலேயே ஒழுகுகிறதா என்பதுதான். மழை நின்ற பிறகு கையை ரக்குக்கு அடியில் விட்டுப் பாருங்கள். முதுகெலும்பின் மேலும் தோள்பட்டையிலும் மட்டும் ஈரம் இருந்தால், அது வெளியிலிருந்து வந்த தண்ணீர். அங்கேதான் துணி இழுபட்டுத் தேய்கிறது. விலாப் பக்கமெல்லாம் ஒரே சீராகப் பிசுபிசுவென்றிருந்து குதிரையும் சூடாக இருந்தால், அது வியர்வை. பருத்த ரக்கைப் போட்டுவிட்டீர்கள், அல்லது மேல்துணி ஊறி ஆவி போகும் வழி அடைபட்டுவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சந்தேகமிருந்தால் ரக்கைக் கழற்றி, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே தொட்டில் மாதிரி தொங்கவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் வையுங்கள். தாள் நனைந்தால் படலம் போயிற்று. அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். தாள் நனையாமல், மேல்துணி மட்டும் கறுத்து ஊறியிருந்தால் பூச்சுதான் போயிருக்கிறது. பூச்சைத் திரும்ப ஏற்றலாம். படலம் உரிந்து செதில் செதிலாக வந்துவிட்டால் எந்த மருந்தும் உதவாது. அந்த ரக்கை லாயத்துக்குள் போர்த்த வைத்துக்கொண்டு, மழைக்கு வேறு வாங்குவதே குதிரைக்குச் செய்கிற தர்மம்.

கழுவுவதில் அவசரம் கூடாது. சேறு முதலில் காயட்டும். காய்ந்த சேற்றைத் தேங்காய்நார்ப் பிரஷ் மாதிரி முரடாக இல்லாத, மெதுவான பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். உள்பக்கத்து மயிரையும் எடுத்துவிட வேண்டும். பிறகு குழாயில் பச்சைத் தண்ணீர். வருஷத்துக்கு ஒரு தடவை, ரக்குக்கென்றே விற்கிற திரவத்தை (நிக்வாக்ஸ் முதலான பல கம்பெனிகள் விற்கின்றன) 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரில் கலந்து அலசுங்கள். வீட்டு வாஷிங் மெஷினில் போட்டால் குதிரை மயிர் வடிகாலை அடைக்கும். அதற்குமேல் வீட்டு அம்மாவின் கோபத்தை நான் உத்தரவாதம் செய்ய முடியாது. சூடான டிரையர் கூடவே கூடாது, படலம் உரிந்துவிடும். வெளுக்கக் கொடுப்பதானால், என்ன போட்டு வெளுக்கிறீர்கள், மறுபடி பூச்சு ஏற்றித் தருகிறீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பூச்சு ஏற்றுவது துணி சுத்தமாக, ஈரமாக இருக்கும்போதே. அழுக்கின் மேல் பூச்சு ஏற்றினால் அழுக்குத்தான் நனையாமல் இருக்கும்! முதுகுத் தையல், தோள் மடிப்பு, வார்ப்பட்டை தைத்த இடங்கள் இவற்றுக்கு இரண்டு கை. தையல் ஊசியின் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சின்னக் கதவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுத் தைத்தாலும், தையல் மேல் கூடாரத்துக்குத் தடவுகிற பசையைத் தடவாவிட்டால் பயனில்லை. பழைய கான்வாஸ் ரக் யாரிடமாவது இருந்தால் அதற்கு வேறு மாதிரி: புதிதில் இரண்டு மூன்று தடவை நன்றாக நனைத்து நிழலில் காயவிட வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் பருத்து, நெசவின் இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். மேலே மெழுகு.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தின ரக்குகள் பெரும்பாலும் ஃபுளோரின் சேர்ந்த பூச்சு போட்டவை. எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது. நாங்களும் மில்லில் அதைக் கொண்டாடினோம். ஆனால் அந்த ரசாயனங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் அழிவதேயில்லை. அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ.வை 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். பிரான்ஸ் 2026 ஜனவரி முதல் இந்த வகை ரசாயனங்கள் சேர்ந்த ஆடைகளையே விற்கக் கூடாது என்று சட்டம் செய்தது. இப்போது மெழுகு, சிலிக்கோன் போன்ற பூச்சுகள் அந்த இடத்துக்கு வருகின்றன. நல்லதுதான். ஆனால் இவை எண்ணெயைத் தடுக்கமாட்டா. குதிரையின் உடம்பு எண்ணெயும், நாம் கையில் பூசிக்கொண்டு போகிற கிரீமும் பட்டுச் சீக்கிரமே மங்கும். ஆகவே புது ரக் பழைய ரக்கைவிட அடிக்கடி பராமரிப்பு கேட்கும். “அப்போல்லாம் நாலு வருஷம் வந்ததே” என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை. பிள்ளைகளின் மழைக்கோட்டுக்கும் இதே கதைதான்.

விடுமுறையில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரையின் மேல், மழைக்காக பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தால், ஏறுவதற்கு முன் அடியில் கைவிட்டுப் பாருங்கள். மேலே உலர்ந்தும் உள்ளே வியர்வையில் நனைந்தும் இருந்தால், குதிரைக்காரரிடம் பக்குவமாக ஒரு வார்த்தை: “அண்ணே, மழை விட்டதும் இதை எடுத்து உதறிட்டு, சாக்கால துடைச்சு விடுங்களேன்.” அவருக்குத் தெரியாததல்ல. கேட்கிறவர் ஒருவர் இருந்தால் செய்வார்.

வசந்தத்தில் ரக்கை எடுத்துவைக்கும்போது, ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. நனைந்த குடையை மடக்கி மூலையில் வைத்தால் கல்பாத்தியில் பாட்டி என்ன சொல்வாள்? “விரிச்சு வைடா கோந்தே, கொடை மக்கிப்போகும்” என்று திண்ணையிலிருந்தே சத்தம் வரும். அதே சட்டம்தான். பூஞ்சணம் பிடித்தால் படலத்தையும் தையல் நூலையும் சேர்த்துத் தின்னும். இரண்டு நாள் காற்றில் தொங்கவிட்டு, வார்களையும் கொக்கிகளையும் சரிபார்த்து, தளர்வாக மடித்து, எலி ஏறாத பெட்டியில் வையுங்கள். முடிந்தால் ஒரு குதிரைக்கு இரண்டு ரக். ஒன்று காயும்போது மற்றது முதுகில். எந்த ரக்குக்கு எப்போது பூச்சு ஏற்றினோம் என்பது மறந்துவிடும் என்பதால், என் பேத்தி கழுத்துப் பட்டையில் ஒரு துணிச்சீட்டு தைத்து, அழியாத மையால் தேதி எழுதுகிறாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதப் பெயர்கள் நடந்துகொண்டிருந்ததால், போன தடவை ‘புரட்டாசி’ என்று எழுதினாள். வல்லின றகரம் போட்டுவிட்டு, அடித்து, மறுபடி சரியாக எழுதியிருக்கிறாள்.